சோப்புத்தூள் மேல் போட்ட பழி

என் தம்பி சலவைக்கூடத்தில் இயந்திரம் ஓட்டுகிறவன். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளையும் துண்டுகளையும் உள்ளே திணித்து, தூளைக் கொட்டி, பொத்தானைத் தட்டுவான். பக்கத்து மேசையில் நான் மீந்த கறையை எடுத்துவிட்டு மடிப்பேன். பதினாறு வருடமாக அக்காவும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் உழைக்கிறோம். அவனுக்கு வாய் ஓயாது. தலையணை உறையில் சாயக்கறை இருந்தால், "வயச மறைக்கத் தலைக்கு மை அடிச்சாரு, தலையணைகிட்ட மாட்டிக்கிட்டாரு" என்பான்.

போன வருடம் அவன் சொறிய ஆரம்பித்தான். எங்கள் கூடத்தில் சொறியாதவர் யார்? அரித்தால் தூள் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அலமாரியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு களிம்பு டப்பா உண்டு. அவனும் தடவினான். நான் மேலாளரோடு மல்லுக்கட்டித் தூளை மாற்ற வைத்தேன். பிறகு கையுறை வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் அவனை மடிக்கும் மேசைக்கே இழுத்துக்கொண்டேன்.

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. தூள் படுவது கையில். அவனுக்கு அரித்ததோ முதுகும் கால்களும். தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. வறண்ட தோலும் நகம் கீறிய கோடுகளும்தான்.

"முதுகுல ஏன்டா அரிக்குது?" என்று ஒருநாள் கேட்கத்தான் செய்தேன்.

"என் சட்டையும் இந்த மெஷின்லதானக்கா துவைக்கிறேன்!"

அதோடு எங்கள் யோசனை முடிந்தது. சட்டையை வீட்டில் வெறும் தண்ணீரில் அலசச் சொன்னேன். பெரிய புத்திசாலி நான்.

ஏழெட்டு மாதம் இப்படியே போனது. காலையில் அவன் முகம் உப்பியது, சோறு இறங்கவில்லை. அவன் மனைவி தோல் மருத்துவரிடம் இழுத்துப் போனாள். தூளின் உறையை எடுத்துக்கொண்டு நானும் போனேன். அந்த டாக்டரம்மா உறையைத் தொடக்கூட இல்லை. "ரத்தமும் யூரினும் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க" என்றார். அரிப்புக்கு எதற்கு அதெல்லாம் என்று எனக்குக் கோபம் வந்தது.

சோதித்துப் பார்த்தால், தம்பியின் இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய ஓய்ந்திருந்தன.

"வெளிய போக வேண்டிய கழிவு ரத்தத்துலயே தங்கிடுச்சு. அரிப்பு அதனாலதான்" என்றார் டாக்டரம்மா.

"முன்னாடியே வந்திருந்தா?"

"இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க வச்சிருக்கலாம்."

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். "என்னையே மெஷின்ல போட்டு அலசுறாங்கக்கா" என்று என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். எனக்கு அழுகைதான் வந்தது.

மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் பிழைத்துக்கொள்வான் என்றார்கள். பெற்றவர்கள் இல்லை. அவன் மனைவியின் ரத்தம் சேரவில்லை, என்னுடையது சேர்ந்தது. அன்றைக்குத்தான் பல மாதம் கழித்து நிமிர்ந்து நடந்தேன். நேரே போய் அவனிடம், "என்னோடத எடுத்துக்கடா" என்றேன். அந்த வாயாடி என் கையை மட்டும் பிடித்துக்கொண்டான்.

மறு வாரம் சிறுநீரக மருத்துவர் என்னைப் பரிசோதித்தார். கூந்தலை ஒதுக்கிப் பின்கழுத்தைப் பார்த்தார்.

"இந்தக் கறுப்பு எவ்வளவு நாளா இருக்கு?"

"அது அழுக்குங்க டாக்டர். எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது."

"தேய்ச்சா போறது இல்லம்மா இது. சர்க்கரை இருந்தாலும் கழுத்து இப்படிக் கறுக்கும்" என்று சொல்லி, சர்க்கரைப் பரிசோதனைக்கு எழுதினார்.

முடிவு வந்தது. சர்க்கரை எக்கச்சக்கம், சிறுநீரில் புரதமும் போக ஆரம்பித்திருந்தது. "உங்க கிட்னியையே இனிமே நாம காப்பாத்தியாகணும். எடுக்கவே கூடாது" என்றார். கெஞ்சினேன், காலில் விழாத குறை. அவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். ஊரார் கறையையெல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்தவளுக்குத் தன் கழுத்தில் இருந்தது என்னவென்று தெரியவில்லை.

தம்பி டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருந்தான். ஊசி ஏறிய கையை அசைக்காமல் முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினான்.

"ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்களாக்கா?"

போர்வையை இழுத்து அவன் காலை மூடினேன். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து, அவன் இன்னொரு முறை கேட்டான்.