உண்ணாமலையின் காணாக்கடி

ஆலங்குடிப் பக்கத்து முந்திரிக்காடுகளில் கொட்டை பொறுக்கியே நாற்பத்தொன்பது வயதைத் தொட்டவள் உண்ணாமலை. மூன்று வருஷமாக அவள் உடம்பில் காணாக்கடி குடியேறியிருந்தது. காரணமில்லாமல் தோல் தடித்துச் சிவக்கும். சொறிந்தால் படரும். இன்று முதுகில் என்றால் நாளை முகத்தில். வெற்றிலையில் மிளகு மடித்துத் தின்றாள், மந்திரித்துப் பார்த்தாள், ஆஸ்பத்திரி மாத்திரை விழுங்கினாள். அது அவளை விட்டபாடில்லை.

அதையும் தாங்கிக்கொண்டிருப்பாள். ஒரே மகள் ரம்யா முழுகாமல் இருக்கிறாள் என்று கேட்டு, கறம்பக்குடிக்குப் பழத்தோடு ஓடினாளே, அன்றுதான் இடி விழுந்தது. சம்பந்தி பிரகதீஸ்வரி, தடித்துச் சிவந்திருந்த உண்ணாமலையின் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"தலப்பிரசவம் ஒங்க வீட்லதான், மொறைய நான் மாத்தல. ஆனா இந்தக் கையோடயா பச்சப்புள்ளயத் தூக்குவீங்க? வளகாப்புக்குள்ள சரி பண்ணிக்கிட்டு வாங்க. இல்லாட்டி ரம்யா இங்கிட்டே இருக்கட்டும்."

"இது ஒட்டிக்காது அத்த, டாக்டரே சொல்லிட்டாரு" என்றாள் ரம்யா.

"டாக்டரா வந்து ஒம்புள்ளயத் தூக்கப்போறாரு?"

உண்ணாமலை பஸ்ஸில் அழுதுகொண்டே திரும்பினாள். மறுநாளே ஆலங்குடியில் அக்குபங்சர் பார்க்கும் இன்னாசியிடம் போனாள். அவர் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் மெல்லிய ஊசிகளைச் செருகினார். அவள் ரத்தக்கொதிப்புக்கும் தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"பிரஷர் மாத்திரைய மட்டும் விட்றாதீங்கக்கா. காணாக்கடி நாள்பட்டவங்களுக்கு ரத்தக்கொதிப்பும் சேந்து வர்றது உண்டு."

தலையாட்டினாள். ஆனால் ஒரு வைத்தியம் பார்க்கையில் இன்னொரு மருந்து வாயில் பட்டால் பத்தியம் முறியும் என்பதுதான் அவள் பிறந்து வளர்ந்த வீட்டின் சட்டம். கருவாட்டை விட்டாள், கத்தரிக்காயை விட்டாள். கூடவே பிரஷர் மாத்திரையையும் விட்டாள். புருஷன் அய்யாக்கண்ணுவிடம்கூடச் சொல்லவில்லை.

மாதாமாதம் வீடு தேடி மாத்திரை கொண்டுவருபவள் சுகாதாரப் பணியாளர் செவந்தி.

"கையக் குடுங்க அத்தாச்சி, பிரஷர் பாத்துருவோம்."

"வேணான்டி. அந்தப் பட்டையச் சுத்தி இறுக்குனாலே எனக்குத் தடிச்சுப்போவுது. மாத்திரைய மட்டும் வச்சுட்டுப் போ."

செவந்தி இரக்கப்பட்டு, நோட்டில் போன மாத பிரஷர் அளவையே எழுதிக்கொண்டாள். பிரிக்காத அட்டைகள் அரிசி டின்னுக்குப் பின்னால் சேர்ந்தன.

ஒன்றரை மாதத்தில் தடிப்பு அடங்கிவிட்டது. "என்ன அத்தாச்சி, கல்யாணப் பொண்ணாட்டம் மினுமினுங்குறீங்க" என்று செவந்தியே கேலி செய்தாள். பட்டை இறுக்கினால் மறுபடி தடித்துவிடும் என்று அப்போதும் உண்ணாமலை கையை நீட்டவில்லை. காலையில் பிடரி கனத்தது, கண் இருட்டியது. உள்ளே கிடந்த நோய் வெளியேறுகிறது என்று அந்தப் பேதை நம்பினாள்.

வளைகாப்பு நாள். பிரகதீஸ்வரி அவள் கைகளைப் புரட்டிப் பார்த்தாள். "இப்பத்தான் தாயா லட்சணமா இருக்கீங்க. புள்ளைக்கு நீங்களே மொத வளயலப் போடுங்க. சாயங்காலம் கூட்டிட்டுப் போயிருங்க."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகளின் கன்னத்தில் சந்தனம் பூசி, வளையலை எடுத்தாள். பாதி ஏறிய வளையல் அங்கேயே நின்றது. உண்ணாமலையின் விரல்கள் நழுவின. வாய் ஒரு பக்கமாய்க் கோணியது.

"பெத்தவளுக்கு அழுகை அடைக்குது" என்றாள் யாரோ ஒருத்தி.

அழுகை இல்லை அது. ரத்தக்கொதிப்பு ஏறி மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரையைப் பற்றிக் கேட்டார். "தவறாமச் சாப்புடுதுங்க" என்றார் அய்யாக்கண்ணு. வீட்டுக்குத் துணி எடுக்கப் போனவர், அந்த அட்டைகளைக் கண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தாம் நாள் பிரகதீஸ்வரி ரம்யாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவள் குரலில் கடுமையே இல்லை. அதுதான் கொடுமை.

"இனி ஒங்களப் பாத்துக்கவே ஆள் வேணும் சம்பந்தி. ரம்யா எங்ககூடவே இருக்கட்டும். எம்மக மாதிரி வச்சுக்கிறேன்."

கட்டிலில் கிடந்தவளுக்கு எல்லாம் கேட்டது. மறுக்க நாக்கு புரளவில்லை. ரம்யா அம்மாவின் வலக்கையைத் தூக்கித் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். ஒரு தடிப்பு இல்லை, ஒரு சிவப்பு இல்லை. உள்ளே பிள்ளை உதைத்தது. அந்தக் கைக்கு அது தெரியவில்லை.

"நேரமாச்சும்மா" என்றாள் பிரகதீஸ்வரி. கறம்பக்குடி கார் வாசலில் நின்றது.