சவிரி அண்ணை உள்ளே போன ஒரே அரண்மனை

சவிரி அண்ணை போய்விட்டார் என்ற செய்தி எனக்கு வரவில்லை. என் மனைவி மலருக்குத்தான் வந்தது. அவருடைய மகள் தொலைபேசியில் மலரை அழைத்துச் சொல்லி, இருவரும் அழுது முடித்த பிறகு, கடையிலிருந்து வெங்காயப் பையுடன் வந்த நான் மூன்றாவது ஆளாக அறிந்தேன். முப்பது வருடப் பழக்கம் என்னுடையது; செய்தி என் மனைவிக்கு. அந்த நேரத்திலும் அது எனக்கு உறுத்தியது. அஞ்சலி எழுத உட்கார்ந்தவன் இப்படித் தொடங்கக் கூடாதுதான். ஆனால் அவரை அறிந்த உங்களில் பலருக்கு என்னையும் தெரியும். மறைத்துப் பயனில்லை.

மன்னாரிலிருந்து வந்தவர் சவிரிமுத்து. ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் பாண், ரொட்டி சுடும் ஒரு தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தார். எங்கள் தமிழ்ச் சங்கத்து மூத்தவர்கள் வருடம் ஒருமுறை பஸ் பிடித்து ஏதாவது ஒரு பழைய நகரத்துக்குப் போவோம். நுழைவுச்சீட்டு, தங்குமிடம், மைக்கில் விளக்கம் எல்லாம் என் பொறுப்பு. ஒவ்வொரு நகரத்துக்கும் மூன்று மாதம் முன்பே நூலகத்தில் ஜெர்மன் புத்தகங்கள் எடுத்துக் குறிப்பு எழுதுவேன். சவிரி அண்ணை ஒரு பயணத்தையும் தவறவிட்டதில்லை. ஆனால் ஒரு அருங்காட்சியகத்துக்குள்ளும் அவர் காலடி வைத்ததில்லை.

காரணம் அவருடைய பை. மண்ணிற ரெக்சின் பை, அதற்குள் அவருடைய வாழ்க்கை முழுவதும் கடதாசியாக இருந்தது. பிறப்புச் சான்றிதழ், அன்ட்ராக் என்ற முதல் அகதி விண்ணப்பத்தின் நகல், காலாவதியான விசாக்கள், பாண் தொழிற்சாலைக் கடிதங்கள். அகதியாக வந்த புதிதில், அனுமதியில்லாமல் மாவட்ட எல்லை தாண்டக் கூடாத காலத்தில், பக்கத்து மாவட்டத்துக்குக் கடதாசி இல்லாமல் போய், ஒரு பகல் முழுவதும் பொலிஸ் நிலையத்தில் இருந்தவர். பிறகு ஜெர்மன் குடியுரிமை கிடைத்தது, சட்டைப் பையில் அடையாள அட்டையும் இருந்தது. பையை மட்டும் விடவில்லை. அருங்காட்சியகங்களில் பெரிய பையை வாசலில் ஒப்படைக்கச் சொல்வார்கள். "அது ஏலாது தம்பி. நீங்கள் போட்டு வாங்கோ, நான் இதிலை இருக்கிறன்" என்பார். அவர் இருக்கிறாரே என்று எல்லோரும் தங்கள் கைப்பைகளையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். பதினெட்டுப் பைகளுக்கு நடுவில் ராசா மாதிரி உட்கார்ந்திருப்பார்.

சென்ற வருடம் போலந்தின் கிராக்கோவ் நகரத்துக்குப் போனோம். முதல் நாள் பெரிய சந்தைச் சதுக்கம். மரியாள் தேவாலயக் கோபுரத்திலிருந்து மணிக்கு ஒருமுறை எக்காளம் ஊதுவார்கள். ஊதிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிறுத்திவிடுவார்கள். முற்காலத்தில் எதிரி வருவதைக் கண்டு ஊதிய காவலனின் தொண்டையில் அம்பு பாய்ந்ததாம், அதன் நினைவாக என்பது கதை. நான் இதை விரிவாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எக்காளம் ஊதி முடிந்துவிட்டது. என் குரலில் அது பாதிப் பேருக்குக் கேட்கவேயில்லை. மற்றவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். சவிரி அண்ணை மட்டும், "பறவாயில்லை தம்பி, இன்னும் ஒரு மணித்தியாலத்திலை திரும்பவும் ஊதுவாங்கள்தானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று பின்னேரம் அந்தச் சதுக்கத்துக்கு அடியில் இருக்கும் நிலத்தடி அருங்காட்சியகத்துக்குப் போனோம். பழைய தெருக்கள், கடைகள், புதைகுழிகள் எல்லாம் தோண்டியபடியே கிடக்கின்றன. என் பக்கத்தில் நடந்த மலரிடம் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான். வெளியே வந்ததும் நேரே சவிரி அண்ணையிடம் போனாள். அவர் வழக்கம்போல, "என்ன பிள்ளை கண்டனீர்?" என்றார். ஒரு உடைந்த சீப்பைப் பற்றி அவள் கால் மணி நேரம் பேசினாள். அதன் பல்லுகள் எத்தனை போயிருந்தன, அதை வைத்திருந்தவளுக்கு எவ்வளவு நீளக் கூந்தல் இருந்திருக்கும் என்றெல்லாம். அந்தச் சீப்பை நான் காணவேயில்லை. நான் விளக்கப் பலகைகளை வாசித்துக்கொண்டிருந்தேன்.

இவள் மட்டுமல்ல. எல்லோருமே உள்ளே போவது, வெளியே வந்து அவருக்குச் சொல்லத்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஒவ்வொருவரும் அவருக்கென்று ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு வந்தார்கள். படித்தவன் நான், அலைந்தவன் நான், கேட்க ஆளில்லாதவனும் நான். அவரை, பைகளோடு அவர் உட்காரும் அந்த வாங்குப் பலகையிலிருந்து எழுப்பிவிட வேண்டும், ஒரு நாளாவது அதில் நான் இருக்க வேண்டும் என்று பட்டது.

மறுநாள், குன்றின் மேல் இருக்கும் வாவெல் அரண்மனை. அவருக்கும் ஒரு சீட்டு எடுத்துவிட்டு, பெரிய மனது படைத்தவன் மாதிரி எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: "அண்ணை, இன்றைக்கு நீங்கள் போறீங்கள். பையளை நான் பாக்கிறன்." கூட்டம் கைதட்டியது. அவர் தயங்கினார். பிறகு அந்த ரெக்சின் பையை இரண்டு கையாலும் தூக்கி என் கைகளில் வைத்தார். "நீர் வைச்சிருந்தால் பயமில்லை" என்றார். நானோ வஞ்சகமாக அவர் இடத்தில் உட்கார்ந்தேன்.

அரண்மனை நடுவில் பெரிய முற்றம், அங்கேதான் நான் இருந்தேன். சுற்றிவரத் தூண்கள் நிறைந்த மாடி நடைகள். முதலில் வெளியே வந்தவர் பேபி அக்கா. "சவிரி அண்ணை எங்கை?" என்றார். உள்ளே என்றேன். அவரைப் போலவே குரலை வைத்துக்கொண்டு, "என்ன கண்டனீங்கள் அக்கா?" என்று கேட்டேன்.

"நீங்கள் எல்லாம் படிச்சு வைச்சிருக்கிறீங்கள். உங்களுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றுவிட்டு, வெயில் காய மறுபக்கம் போனார்.

பிறகு வந்த மூன்று பேரும் தங்கள் பைகளை எடுத்துக்கொண்டு பேபி அக்காவுடன் போய் நின்றார்கள். நான் பைகளோடு தனியே இருந்தேன். சிறிது நேரத்தில் சவிரி அண்ணை வந்தார். மற்றவர்கள் பாதிப் பேர் இன்னும் உள்ளேதான். அவர் கை வெறுமையாக என் முன்னால் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தது முகத்தில் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தரம் ஒரு அரண்மனைக்குள் போய் வந்த மனிதரிடம், என்ன கண்டீர்கள் என்று ஒரு சொல் கேட்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "பஸ் வரப்போகுது அண்ணை, ஆக்களைக் கூப்பிடுவம்" என்றேன். பஸ் வர நாற்பது நிமிடம் இருந்தது. "ஓம் ஓம்" என்று பையை வாங்கிக்கொண்டார்.

குன்றிலிருந்து இறங்கும்போது அவர் மலரிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டு போனார். பின்னால் வந்த நான், மண்டபத்துக் கூரையில் செதுக்கிய தலைகளையும் சுவரில் தொங்கும் பெரிய சித்திரத் துணிகளையும் பற்றித்தான் சொல்கிறார் என்று எண்ணி வெந்துகொண்டு நடந்தேன். நான் அவற்றைப் பற்றி ஆறு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

அடக்கம் முடிந்து வீடு வந்த பிறகுதான் மலர் சொன்னாள். "அவர் உள்ளுக்கை ஒண்டும் பாக்கேல்லை, தெரியுமே? மாடி நடையிலை நிண்டு உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவராம். பையளுக்காக இல்லை. உங்கடை பக்கத்திலை ஒருத்தரும் வரேல்லை எண்டு கண்டவர். அவருக்கு ஒரு மாதிரிப் போச்சுதாம். 'தம்பி வாரும், என்ரை பையைப் பேபி அக்காவிட்டைக் குடுத்திட்டு ரெண்டு பேருமாப் போவம், எனக்கு நீர் எல்லாத்தையும் சொல்லித்தாரும்' எண்டு கேக்கத்தான் இறங்கி வந்தவர். நீங்கள் பஸ் வருகுது எண்டீங்களாம்."

ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டாராம், எனக்கு மனம் நோகுமாம்.

அந்தப் பையை அவர் எவரிடமும் கொடுத்தவரல்ல. அன்றைக்கு ஒரே நாளில் இரண்டு பேரிடம் கொடுக்கத் துணிந்தார், ஒரு தரம் நான் வற்புறுத்தியதால், மற்றது எனக்காக. சவிரி அண்ணையின் நினைவாக என்னிடம் படமில்லை, கடிதமில்லை. "எனக்கு நீர் எல்லாத்தையும் சொல்லித்தாரும்" என்ற அந்த ஒரு வசனம் இருக்கிறது. முப்பது வருடம் யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் காத்திருந்த வசனம். அதையும் நான் மலரின் குரலில்தான் கேட்டேன். அவள் அதை அவர் வாயால் கேட்டிருக்கிறாள். அவள்மேல் எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.