கீல் மிதந்த நாளில் ஒக்லாள்

விடிந்ததும் பார்த்தால் ஒக்லாளின் செம்புக் குடம் கறுத்துக் கிடந்தது. முந்தின நாள்தான் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தாள். அப்படியே குடத்தைத் தூக்கிக்கொண்டு கொழுந்தன் வீட்டுக்கு ஓடினாள்.

"ஏனான், எழுந்திரு. செம்பு கறுத்துப்போச்சு. கடல் கீலைக் கக்கப்போகுது."

அவன் கதவைத் திறப்பதற்குள் எங்கேதி ஊர் முழுக்க அழுகின முட்டை நாற்றம் ஏறிவிட்டது. உப்புக்கடலின் அடியிலிருந்து தார் போன்ற கீல்கட்டி மேலே வருவது இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான். முதலில் போய்ச் சேர்கிறவர்களுக்குத்தான் அது. எதிர்க்கரை மோவாப்காரர்களுக்கும் மூக்கு இருக்கிறதே.

ஒக்லாளுக்கு அப்போது நாற்பது வயது. ஊரில் பேரீச்சம்பழமானாலும் தைலப் பிசினானாலும் அவள் நிறுத்தால்தான் நிறை. தராசைக் கையில் பிடித்துவிட்டால் எதிரே நிற்பது சொந்த மாமனாரானாலும் ஒரு பழம் கூடப் போட மாட்டாள். எல்லாருக்கும் அவளிடம் கொஞ்சம் பயம், அதைவிட அதிகமாக நம்பிக்கை.

ஏனானின் படகு அடியில் பிளந்து கரையில் கிடந்தது. நல்ல படகு சபெதாயிடம் இருந்தது. அவர் பாபிலோனில் பிறந்து, போன குளிர்காலத்தில்தான் முன்னோர் நாட்டுக்குத் திரும்பியிருந்தார். கீல் வாங்கி விற்பது அவர் தொழில். படகைத் தரச் சம்மதித்தவர், தானும் வருவேன் என்று ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"என் மச்சான் செஞ்ச படகு. பத்துத் தாலந்து தாங்கும்னான். அதுக்கு மேல ஒரு சேக்கல் ஏத்தக் கூடாது" என்றார்.

ஒக்லாள் தன் கூடைகளை எண்ணி வைத்தாள். விளிம்பில் சிவப்பு நூல் கட்டிய கூடைகள். நூல்வரை கீலை நிரப்பினால் அரைத் தாலந்து. அப்படியானால் இருபது கூடை.

வெயில் ஏறும் முன் கட்டி கண்ணில் பட்டது. ஒரு வீட்டுக் கூரை அளவுக்குக் கறுப்பாக மிதந்தது. மோவாப் பக்கமிருந்து இரண்டு படகுகள் வந்துகொண்டிருந்தன, ஆனால் தூரத்தில். ஏனான் கட்டியின் மேலே குதித்துக் கோடரியை இறக்கினான். ஒக்லாளும் குதித்தாள். கீல் முழங்கைவரை அப்பிக்கொண்டது. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பதினாறாவது கூடை ஏறும்போது ஏனான் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்: "ஐயா, உங்க ஊர்த் தாலந்துக்கு எத்தனை மானே?"

"அறுபது."

"மானேக்கு எத்தனை சேக்கல்?"

"அறுபதுதான். எல்லா ஊர்லயும் அதுதானே?"

"எங்க ஊர்லயும் தாலந்துக்கு அறுபது மானேதான், ஆனா மானேக்கு அம்பது சேக்கல்." ஏனான் கோடரியைத் தூக்கி ஆடினான். "அண்ணி, கேட்டீங்களா? இவங்க தாலந்து நம்மளதவிடப் பெருசு. பத்துன்னா நமக்குப் பன்னெண்டு. இருபத்துநாலு கூடை ஏத்தலாம்."

அடுத்த இரண்டு கூடைகளையும் அவனே ஏற்றிவிட்டான். ஒக்லாளுக்கு மட்டும் ஏதோ இடித்தது. "நில்லு. சேக்கலும் சேக்கலும் ஒண்ணான்னு யார் பாத்தா? ஐயா, எடைக்கல் வச்சிருக்கீங்களா?"

சபெதாய் இடுப்புப் பையிலிருந்து தூங்கும் வாத்து வடிவில் ஒரு சேக்கல் குட்டிக் கல்லை எடுத்து நீட்டினார். ஒக்லாள் கீல்கட்டியின் மேலேயே குந்தி, முந்தானையிலிருந்த சின்னத் தராசைப் பிடித்தாள். இந்தத் தட்டில் வாத்து, அந்தத் தட்டில் அவளுடைய ஒரு சேக்கல் குமிழ்க்கல். வாத்து மேலே போயிற்று.

"மோவாப்காரன் வந்துட்டான் அண்ணி. இப்பவா தராசு?"

"கத்தாதே. ஐயா, இன்னும் வாத்து குடுங்க."

நாலு வாத்து வைத்தபோது அவளுடைய மூன்று கல்லுக்குச் சமமாக நின்றது.

"அவங்க நாலு, நமக்கு மூணு. அவங்க தாலந்துக்கு மூவாயிரத்து அறுநூறு வாத்து. அது நம்ம கல்லுல ரெண்டாயிரத்து எழுநூறு. நம்ம தாலந்து மூவாயிரம்." அவள் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. "பெருசு இல்லடா, சின்னது. அவர் பத்து, நம்ம ஒம்பது. பதினெட்டுக் கூடை. இப்ப ஏத்தின கூடையோட சரி."

"அப்ப வெட்டிப் போட்டதெல்லாம் மோவாப்காரனுக்கா?" ஏனான் முகம் தொங்கிவிட்டது.

ஒக்லாள் தண்ணீரைப் பார்த்தாள். அவன் வெட்டித் தள்ளிய துண்டுகள் படகைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தன. "மிதக்கிறத எதுக்கு ஏத்தணும்? சாக்குல அள்ளிக் கயித்துல கட்டு. பின்னால வரட்டும்."

ஆறு கூடைக் கீல் சாக்குகளில் ஏறிக் கயிற்றில் கோத்து வந்தது. மோவாப்காரர்கள் மிச்சக் கட்டியில் கை வைத்தபோது இவர்கள் கிளம்பியிருந்தார்கள்.

பாதி வழியில் தெற்கிலிருந்து காற்று பிடித்தது. அந்தக் கடலின் அலை கல்லால் அடிப்பதுபோல அடிக்கும். படகு விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல்தான் இடைவெளி. பிறகு இரண்டு விரல். சபெதாய் கண்ணை மூடிக்கொண்டு மச்சானைத் திட்டினார். ஏனான் தண்ணீரை வாரி வாரி வெளியே கொட்டினான். ஒக்லாள் துடுப்பை விடவே இல்லை.

அடிமணல் உரசியபோது கரையில் ஊரே நின்றது. ஏனான் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே கேட்டான்: "அண்ணி, நான் சொன்ன இருபத்துநாலு ஏத்தியிருந்தா?"

"ஏத்தலையே. கயித்த இழு."

அன்று சாயங்காலம் சபெதாய் தன் பை முழுவதையும் அவள் வாசலில் கொட்டினார். பெரிய வாத்து, சின்ன வாத்து, மணியளவு வாத்து. அடுப்பில் பருப்பு தீய்ந்துகொண்டிருந்தது. ஒக்லாள் கவனிக்கவில்லை. கீல் கறை போகாத கையால் ஒவ்வொன்றையும் தன் கல்லோடு ஏற்றி இறக்கி, தெருவுக்கே கேட்கும்படி கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.