நல்லா எக்ஸ்பயர் பண்ணுங்க சார்

எங்கள் அரியலூர்ப் பக்கம் யாரும் சாவதில்லை; எக்ஸ்பயர் ஆகிவிடுவார்கள். ‘செத்துப்போனார்’ என்று சொல்ல நாக்கு கூசும். இங்கிலீஷில் சொன்னால் சாவுக்கே வேட்டி துவைத்துக் கட்டிவிட்ட மாதிரி. மாத்திரை அட்டைக்கும் மாமாவுக்கும் ஒரே வினைச்சொல்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரம் என் வீடு. விடாத இருமல். நெஞ்சுக்குள் எத்தனை சட்டி தூசியோ என்று பயந்து, மனைவியோடு பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என் சாவுக்கு யார் யார் வருவார்கள் என்று யோசித்து, பந்தல் பத்தாது என்ற முடிவுக்கும் வந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மூச்சுப் பரிசோதனை. ஒரு பெண் என் மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயை வைத்தாள்.

“நல்லா உள்ள இழுங்க. நான் சொன்னதும் ஃபுல்லா எக்ஸ்பயர் பண்ணுங்க சார்.”

குழாயை எடுத்துவிட்டேன். “ஃபுல்லாவாம்மா? வூட்டுக்காரி வெளிய நிக்கிறா, ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுறேன்.”

“ஊதுங்க சார்!”

ஜோக்தான் அடித்தேன். ஆனால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் ஊதினேன்.

ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கையில் போனில் ‘எக்ஸ்பயர்’ என்ற சொல்லைத் தேடினேன். லத்தீன் வேர்: மூச்சை வெளியே விடுவது. கடைசி மூச்சும் மாத்திரையின் கெடுவும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. நாம் மட்டும் என்ன? மூச்சு விட்டாலும் ‘விடு’, உயிரை விட்டாலும் ‘விடு’.

“அப்ப நாம தெனமும் எக்ஸ்பயர் ஆவுறோம்டி.”

“வாயக் கழுவுங்க. மூஞ்சி சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கெடக்கு, இதுல ஆராய்ச்சி வேற.”

டாக்டர் கூப்பிட்டார்.

“நுரையீரல் நல்லாருக்கு. தூசி அலர்ஜிதான். மாஸ்க் போடுங்க.”

பஸ் ஸ்டாண்டில் மனைவி, செந்துறையில் இருக்கும் அவள் அண்ணனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். என் ஆராய்ச்சி அவளுக்கும் தொற்றியிருந்தது.

“டெஸ்ட்டு முடிஞ்சிருச்சுண்ணே. அவரு நல்லா எக்ஸ்பயர் ஆயிட்டாராம்.”

அந்தப் பக்கமிருந்து “அய்யோ மாப்ள!” என்று ஓர் அலறல். அழுகைக்கு நடுவே, “எப்பம்மா எடுக்குறீங்க?”

போனைப் பிடுங்கி, “இருக்கேன் மச்சான், இருக்கேன்!” என்று கத்தினேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

அவர் அழுதது நிஜ அழுகை. பஸ்ஸில் நான் போட்ட கணக்கில் அவரைச் சேர்க்கவே இல்லை.