சாமி தட்டில் வைத்த வரிக் கடதாசி

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது பின்னேரம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். பங்குனி கடைசியில் ஒருநாள் என் கொழுந்தை நிறுத்துவிட்டுத் திரும்பும்போது கணக்கப்பிள்ளை கூப்பிட்டார்.

"யக்கா, ஒங்க மகளுக்கு அமெரிக்காவுலருந்து கடதாசி வந்திருக்கு. அவ அங்கதானே இருக்கா? அவளுக்கு அவளே எழுதிக்கிட்டாளா?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீளமான வெள்ளை உறை. மூலையில் மகள் படிக்கிற பல்கலைக்கழகத்தின் முத்திரை. நான் எட்டாம் வகுப்போடு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவள். இங்கிலீசு எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன். முத்திரையைப் பார்த்ததும் ஏதோ பட்டயமோ பாராட்டோ வந்திருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைக்குப் புதுக் கொப்பி வாங்கினாலும், பரீட்சை அட்டை வந்தாலும், முதலில் சாமி தட்டில் வைத்துப் பொட்டு வைத்த பிறகுதான் தொடுவோம். இந்த உறைக்கும் நாலு மூலையில் சந்தனம் வைத்தேன். குங்குமம் உதிராமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து நடுவில் பெரிதாக ஒரு பொட்டு. "தாயே, சித்திரை பொறக்குற நல்ல நேரத்துல பிரிக்கிறேன். அதுவரைக்கும் உன் காலடியில இருக்கட்டும்" என்று மாரியம்மனிடம் சொல்லி, படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தேன். மகளிடம் மூச்சுவிடவில்லை. பிரித்துப் படித்த பிறகு சொல்லி அவளை அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஒரு வாரம் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வீடியோ போனில் வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அம்மா, வீட்டுக்கு ஏதாச்சும் கடதாசி வந்துச்சா? யுனிவர்சிட்டி ஆபீஸ்ல வீட்டு அட்ரசுக்கு அனுப்பிட்டோம்னு சொல்றாங்க. நான் ரூம் மாறுனது அவங்க பதிவுல இல்லையாம்."

என் வீட்டுக்காரர் ரொட்டியை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். "சொல்லு புள்ள. ஒளிச்சு வச்சது யாரு?"

நான் விஷயத்தைச் சொன்னேன். மகள் கண்ணை மூடித் திறந்தாள். "அய்யோ அம்மா, அது பட்டயம் இல்லம்மா. வரிக் கடதாசி."

படிக்கிற பிள்ளைக்கு என்ன வரி? அவள் பொறுமையாக விளக்கினாள். படிப்புக் கட்டணத்துக்குக் கொடுக்கிற உதவிக்கு வரி கிடையாதாம். தங்கவும் சாப்பிடவும் கொடுக்கிறார்களே, அதற்கு அந்த அரசாங்கத்திடம் கணக்குக் காட்ட வேண்டுமாம். எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு பிடித்தோம் என்று பல்கலைக்கழகம் எழுதி அனுப்புகிற கடதாசிதான் இது. சித்திரை வருசம் பிறந்த மறுநாள் கடைசி நாள்.

"அப்ப வருசம் பொறக்குற அன்னைக்கிப் பிரிச்சா ஒரு நாள் இருக்கே" என்றேன்.

"எனக்குத் தனியா எழுதத் தெரியாதும்மா. எழுதிக் குடுக்க உதவி பண்றவங்க திங்கக்கெழமதான் கடைசியா வர்றாங்க. பிழையா எழுதினாலோ எழுதாம விட்டாலோ பின்னாடி விசாவுக்குப் போறப்ப கேள்வி வரும். புதுப் பிரதி கேட்டா ரெண்டு கிழமை ஆகும்." "பிரிம்மா" என்றாள்.

உறையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். அம்மனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், பிள்ளையின் படிப்பு ஒரு பக்கம். மாரியையும் தாய் என்றுதானே கூப்பிடுகிறோம் என்று நினைத்தேன். தாய்க்குப் பிள்ளையின் அவசரம் புரியாமலா போகும்? கற்பூரம் கொளுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, ஓரத்தைக் கிழித்தேன்.

கடதாசியை விரித்தேன். என் பொட்டு உறையைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தது. கட்டம் கட்டமாக அச்சடித்த தாளின் மேல்பகுதியில், எண்ணெய் ஊறி, சிவப்பாக ஒரு வட்டம். படம் பிடித்து அனுப்பினோம்.

"ஒரு எடம் செவப்பா இருக்கும்மா. அதுலதான் முக்கியமான நம்பர் இருக்கு. தெரியல."

என் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "மூணா, எட்டா?" என்றார். நான் ஐந்து என்றேன். "நீ பொட்டு வச்ச அழகுக்கு அது எதுவா வேணாலும் இருக்கும்" என்றார்.

முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். ஆசைப்பட்டு வைத்த பொட்டு என் பிள்ளையின் எண்ணை மறைத்துவிட்டதே. அவர் அதைப் பார்த்துவிட்டு, தாளை வாசலுக்குக் கொண்டுபோனார். எதிர்மலையில் வெயில் ஏறியிருந்தது. தாளைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தார்.

எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. சிவப்பு மங்கிப்போய், உள்ளிருந்து கறுப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி நின்றன. எட்டுத்தான். அதற்குப் பக்கத்தில் இரண்டு பூஜ்யம். என்னை அறியாமல் "தாயே" என்று கும்பிட்டேன்.

"எண்ணெய ஊத்துனதும் நல்லதுக்குத்தான் போல" என்றார் அவர்.

அவர் தாளைப் பிடித்துக்கொள்ள, நான் ஒவ்வோர் எண்ணாகச் சத்தம் போட்டுப் படித்தேன். மகள் அங்கே எழுதி, திருப்பிப் படித்துக் காட்டினாள். இரண்டு தரம் சரிபார்த்தோம். அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

சிரித்தபடியே ஒன்று சொன்னாள். அவளோடு படிக்கிற ஒரு பிள்ளைக்கு அங்கே ஒரு சதம் வருமானம் இல்லையாம். வெளிநாட்டிலிருந்து வந்து படிப்பதால் அந்தப் பிள்ளையும் ஒரு படிவம் எழுதி அனுப்ப வேண்டுமாம்.

"ஒன்னும் சம்பாதிக்கலன்னு எழுதிக் குடுக்கணுமா?" என்று இவர் கேட்டார். "அங்க இருந்தா நான் மாசாமாசம் எழுதிக் குடுப்பேனே!"

"அது மட்டும் இல்லப்பா. இந்த நாட்டுல எத்தன நாள் இருந்தேன்னு எழுதணும். ஒவ்வொரு வருசத்துக்கும் தனித்தனியா. நானும் எழுதணும்."

எத்தனை நாள் இருந்தாய். அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. என் அப்பா இந்த மலையில் பிறந்து, இந்த மலையில் கொந்தரப்பு என்கிற ஒப்பந்த வேலை செய்து தேய்ந்தவர். பிறந்த நாட்டிலேயே உரிமை இல்லாமல் இருந்தார்; இந்த நாட்டு ஆள்தான் என்று ஒரு பிரஜாவுரிமைக் கடதாசி அவர் கைக்கு வந்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது. அதுவரை அவர் இங்கே எத்தனை நாள் இருந்தார் என்று ஒருவரும் மரியாதையாகக் கேட்கவில்லை. அவருடைய பேத்தி கடல் தாண்டிப் போய் மூன்று வருசம் ஆகவில்லை. அவளிடம் ஒரு பெரிய அரசாங்கம் கட்டம் போட்டுக் கேட்கிறது. வந்த நாள், இருந்த நாள் எல்லாவற்றையும் அவள் தன் கையால் எழுதிக் கையெழுத்து வைத்தால் ஏற்றுக்கொள்கிறது. வரி என்றால் பிடுங்குவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்குள் ஆளை ஆளாக எண்ணுகிற ஒரு காரியமும் இருக்கிறது என்பது எனக்குப் புதிது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். கூடை தலையில் இருந்தாலும் நினைப்பெல்லாம் அவளிடம்தான். செவ்வாய் விடியற்காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் மகளிடமிருந்து படம் வந்தது. உதவி செய்பவர்கள் எல்லாவற்றையும் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்களாம். தபாலில் போடுவதற்கு முன் எங்களுக்காக ஒரு பக்கத்தைப் படம் பிடித்திருந்தாள். கீழே அவள் கையெழுத்து.

மேலே ஒரு கட்டத்தில் சொந்த நாட்டு முகவரி கேட்டிருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எங்கள் லயத்தின் இலக்கம். எங்கள் டிவிசனின் பெயர். தோட்டம். கடைசியில் ஊர், நோர்வூட்.

"என்னா புள்ள, நேரமாச்சு" என்று இவர் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"வாங்க இங்க" என்றேன். "நம்ம லயத்த எழுதியிருக்கா, பாருங்க."

அவர் கண்ணாடியைத் தேடப் போனார். அவர் வந்து படித்து முடிக்கும்வரை நான் போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பெரட்டுக்கு இரண்டு பேருமே பிந்தித்தான் போனோம்.