ஜீப்புக்கு அடித்தகடு போட்ட நாள்

எனக்குக் கோபம் வந்தால் ஜீப்பை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவேன். காடு என்றால் புலி உலவும் காடு இல்லை. எமரால்டு அணைக்கு மேலே எங்கள் கேரட் விளையும் ஒன்றரை ஏக்கர். கோபம் வராத நாளிலும் போவேன், மூட்டை ஏற்ற வேண்டுமே. நாற்பது வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்ட வண்டி அது. கல்யாணத்துக்குப் போட்ட நகையைவிட அதன் சாவி எனக்கு உசத்தி. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்த வண்டிக்குத்தான் கேடு வந்தது. காட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் தடத்தில், வளைவு முடியும் இடத்தில், ஒரு பாறை தலை நீட்டிக்கொண்டிருக்கும். மேலே தெரிவது முழங்கால் உயரம், உள்ளே எவ்வளவோ, யாராலும் பெயர்க்க முடியவில்லை. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண்மேடு. பாறையை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத்தான் இறங்கியாக வேண்டும். மூட்டைப் பாரத்தில் தாழ்ந்த வண்டி, எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சேம்பரைக் கொண்டுபோய் அதில் இடிக்கும். ஒரே மழைக்காலத்தில் இரண்டு முறை சேம்பர் உடைந்தது. இரண்டாம் முறை ஆயில் முழுக்கத் தடத்தில் கொட்டிப்போனது. மார்க்கெட் லாரி எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார்.

"அம்மிணி, இன்னொருக்கா ஒடைஞ்சா வண்டியக் குடுத்துப்போடறேன். கோத்தகிரிக்காரரு ஒருத்தரு கேட்டுட்டேதான் இருக்காரு. வாடகைக்கு லோடு ஜீப்பு சொல்லிக்கலாம்."

வாடகை ஜீப் என்றால் கூடவே ஒரு டிரைவர் வருவான். அப்புறம் எனக்கு அங்கே என்ன வேலை? "ஒடையாமப் பண்ணிக் காட்டறனுங்க, பாருங்க," என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

பக்கத்து ஊரில், கேரட் கழுவும் மெஷின்களுக்கு வெல்டிங் வைக்கிறவர் ஒருவர் பட்டறை போட்டிருக்கிறார். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். யாருக்கு வயது அதிகம் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. வண்டிக்கு அடியில் படுத்து அட்டையை வைத்து அளவெடுத்தார்.

"சேம்பருக்கு அடியில அஞ்சு எம்.எம். தகடு போட்டறலாங்க்கா. எட்டு போல்ட்டு. பாறை கும்பிடு போடும்."

சனிக்கிழமை போனால் தகடு தயார். ஆனால் அது முழுக்க வரிசை வரிசையாக ஓட்டை. "ஏனுங்ணா, இதுல கேரட்டு கழுவறதா?" என்றேன். "சேறு நிக்கக்கூடாதுங்க்கா, தண்ணி ஒழுகோணுமல்ல," என்றார். கேரட் மெஷினின் உருளைக்கு ஓட்டை போட்டுப் பழகிய கை, எதைக் கொடுத்தாலும் ஓட்டை போடும் போல. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது.

பட்டறை இருப்பது சரிவில். எங்கள் மலையில் எதுதான் சரிவில் இல்லை? வண்டியை நிறுத்தினால் டயருக்குக் கல் வைக்காமல் யாரும் நகர மாட்டோம். ஹேண்ட் பிரேக்கை நம்புவதெல்லாம் சமவெளிக்காரர்கள் சமாச்சாரம். நான் வைத்தேன். அடியில் படுக்கப் போகிறவர் தன் பங்குக்கு வைத்தார். மதியம் வரை வேலை நடந்தது. எட்டாவது போல்ட்டை முறுக்கி அவர் வெளியே வரும்போது என் வீட்டுக்காரரும் வந்து நின்றிருந்தார்.

என் கல்லை நான் எடுத்தேன், பட்டறைக்காரர் தன் கல்லை எடுத்தார். ஸ்டார்ட் பண்ணி கிளட்சை விட்டேன். வண்டி உலுக்கி, அடியில் கர்ரென்று ஒரு சத்தத்தோடு அணைந்துவிட்டது. மறுபடி முயன்றேன், மறுபடி அணைந்தது.

"அமுக்காத அம்மிணி! தகடு அச்சுல மாட்டிக்கிச்சு," என்றார் வீட்டுக்காரர். பட்டறைக்காரர் முகம் செத்துவிட்டது. எட்டு போல்ட்டையும் கழற்றித் தகட்டை இறக்கினார். மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். அதே கர்ர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குதித்து இறங்கி, நானே குனிந்து பார்த்தேன். முன் சக்கரத்துக்கு உட்பக்கம், யார் கண்ணிலும் படாமல், அம்மிக்குழவி கனத்தில் ஒரு கல்.

"இத ஆரு வெச்சது?"

பட்டறைக்காரர் இல்லை என்று தலையாட்டினார். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "வந்ததும் பார்த்தேன். ஆள் அடியில படுத்திருக்கறாரேன்னு... ஒரு தெகிரியத்துக்கு..."

எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவது கல்! பட்டறைக்காரர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். திட்டத் திறந்த என் வாயிலும் சிரிப்புதான் வந்தது. தகட்டை மறுபடி ஏற்றும்போது, எட்டு போல்ட்டையும் என் வீட்டுக்காரர்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

அங்கிருந்து நேராகக் காட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு மூட்டை ஏற்றினோம். வளைவு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினேன். டங்! தடமே அதிர்ந்தது. வண்டி ஒரு நொடி தூக்கிப் போட்டு, சர்ரென்று வழுக்கி அந்தப் பக்கம் இறங்கியது. பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, முருகா முருகா என்று உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரர் சேற்றில் மல்லாந்து படுத்து, கையை விட்டுத் தடவினார். வெளியே வந்து உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். சேறு. வெறும் சேறு. ஒரு பொட்டு ஆயில் இல்லை.

நான் கத்திய கத்தலில் பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்று போனைப் போட்டார். கோத்தகிரிக்காரருக்கு.

"ஏனுங்க, அந்த ஜீப்பு விசயம்... இல்லீங்க, தோதுப்படாதுங்க. வண்டிக்காரியக் கேட்டுப் பார்த்தனுங்க. குடுக்கவே மாட்டேங்கறா."

அவர் போனை வைக்கும்வரை பொறுத்திருந்தேன். "பொய்யி. எங்கிட்ட நீங்க கேக்கவே இல்லையே," என்றேன்.

"கேட்டாக் குடுத்துருவியாக்கும்?" என்றார்.