சின்ன மாப்பிள்ளையின் ஹார்ட் டிஸ்க்

வேலுமணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவனுடைய வயிற்றெரிச்சலில் இருந்து தொடங்குவதுதான் முறை. மற்றபடி நல்ல மனிதன். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில், மருந்துக் கடைக்கும் பழக்கடைக்கும் நடுவே, ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு ஒரு கடை. பதினெட்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறான். பேத்துப்பாறையில் கூலி வேலைக்குப் போனவர்களுக்குப் பிறந்து, திண்டுக்கல்லில் டிப்ளமோ முடித்து, யாருடைய சிபாரிசும் இல்லாமல் கடை போட்டவன். மலையின் கடைக்கோடியில் இருக்கிற கிளாவரையில் ஒரு மெஷின் படுத்துவிட்டது என்றாலும், போய் அதைக் கம்பளியில் சுற்றி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்து சரிபண்ணிக் கொடுப்பான்.

அவனிடம் ஒரு வித்தை உண்டு. ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற ஹார்ட் டிஸ்கின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பான். உள்ளே சுற்றுகிற சத்தத்தை வைத்தே, இது வருஷக்கணக்கில் ஓடும், இது அடுத்த மாசம் தாங்காது என்று சொல்லிவிடுவான். அதற்குப் பிறகுதான் பென் டிரைவைச் செருகி முறைப்படி சோதிப்பது. காது சொன்னதும் கம்ப்யூட்டர் சொன்னதும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும்.

இத்தனை இருந்தும் மாமியார் வீட்டில் அவனுக்குப் பெயர் 'ரிப்பேர்காரர்'.

மாமியார் குப்பம்மாளுக்கு இரண்டே மகள்கள். மூத்தவள் சுசித்ராவைக் கட்டியவன் வேலுமணி. இளையவள் தேவசேனாவை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கட்டியவன் சிவமுருகன், பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன். கொரோனா வந்தபோது மனைவியோடு நாயுடுபுரத்தில் இருக்கும் மாமியார் வீட்டு மாடிக்கு வந்தவன், அப்படியே தங்கிவிட்டான். வீட்டிலிருந்தே வேலை, அதுவும் அமெரிக்காவுக்கு. ஒரு வருஷம் கழித்து, கம்பெனி தந்த லேப்டாப்பைத் திருப்பிக் கேட்கிறார்கள், இனிமேல் பெரிய கம்ப்யூட்டரில்தான் வேலை என்று சொல்லிப் புத்தம்புதிதாக ஒன்று வாங்கி மாடி அறையில் வைத்தான். அதை வேலுமணியிடம்கூடக் கேட்டு வாங்கவில்லை. "கம்பெனி ரகசியம்ணே, வெளியாளு யாரும் தொடக் கூடாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். அந்த 'வெளியாளு' இன்னமும் வேலுமணியின் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பகலில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது. டிவியில் சத்தம் வைக்கக் கூடாது. வேலுமணி எப்போதாவது போனால் வாசலிலேயே குப்பம்மாள் விரலை உதட்டில் வைத்துவிடுவாள். "மெதுவா வாங்க மாப்பிள்ள, சின்ன மாப்பிள்ள மீட்டிங்ல இருக்காரு." நாற்பத்தாறு வயசு மனிதன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பூனைபோல நடப்பான். மாடியிலிருந்து இங்கிலீஷ் முணுமுணுப்பாக இறங்கி வரும். அதைக் கேட்டு மாமியார் பூரித்துப்போவாள், மருமகனுக்குக் காதில் புகை வரும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தாங்க முடியாதது அவன் பெற்ற மகள் ஸ்வேதாவின் போக்கு. ப்ளஸ் டூ படிக்கிறாள், கெட்டிக்காரி. கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கப்போகிறாளாம். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு எல்லாம் சித்தப்பா சொல்கிறபடி. அப்பனின் கடைக்கு அவள் பிரின்ட் எடுக்க மட்டும் வருவாள். "எங்கப்பாவுக்கு ரிப்பேர் தெரியும்டி, சித்தப்பாவுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும்" என்று அவள் ஒருநாள் தோழியிடம் போனில் சொன்னதை வேலுமணி கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டான். மகளை யாருக்கோ பிடுங்கிக் கொடுத்துவிட்டதுபோல இருந்தது.

ஐப்பசி மழையில் கரண்ட் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த ஒரு வாரத்தில் குப்பம்மாள் போன் செய்தாள்.

"மாப்பிள்ள, சோலியா இருக்கீங்களா? சின்ன மாப்பிள்ள கம்ப்யூட்டருக்கு என்னமோ ஆயிருச்சு. காலையில காப்பி கொண்டுபோனேன், கடகடன்னு ஒரே சத்தம். அவரு தம் மகன் கோகுலுக்குக் காதுகுத்த மண்டபம் பேசணும்னு பழனிக்கு எறங்கிட்டாரு. அவரு வாரதுக்குள்ள வெரசா வந்து பாத்துருங்களேன். அவரு பொழப்பே அதுலதான இருக்கு!"

வேலுமணி கடையைப் பாதி சாத்திவிட்டு ஓடினான். மாமியாருக்கு உதவ ஓடினான் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்கூட்டரில் போகிற வழியெல்லாம் அவன் மனசுக்குள் ஒரே வேண்டுதல்தான்: முருகா, அந்த ஹார்ட் டிஸ்க் செத்திருக்க வேண்டும். நாலு வருஷ வேலை, கம்பெனி ரகசியம் எல்லாம் ஒட்டுமொத்தமாகப் போயிருக்க வேண்டும். பிறகு அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "முன்னாடியே என்கிட்டக் காட்டியிருந்தா காப்பாத்தியிருக்கலாம் அத்தை" என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை மட்டும் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மாடி அறையில் பெட்டியைத் திறந்தவுடன் தெரிந்துவிட்டது. ஒரு வயர் கழன்று ஃபேனில் தட்டிக்கொண்டிருந்தது. அதை ஒதுக்கிக் கட்டியதும் சத்தம் நின்றது. வேலுமணிக்கு உப்புச் சப்பில்லாமல் போயிற்று. மனசு கேட்காமல் ஸ்க்ரூடிரைவரை டிஸ்கின் மேல் வைத்துக் காதைக் கொடுத்தான். துளி பிசிறில்லாமல் ஓடியது. கடைசி நம்பிக்கையாகத் தன் பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தே மெஷினைக் கிளப்பி, டிஸ்கைச் சோதித்தான். பாஸ்வேர்டு தேவையில்லை. உள்ளே இருக்கிற எதையும் தொடாமல் டிஸ்கின் உடம்பை மட்டும் பார்க்கிற சோதனை அது.

நூற்றுக்கு நூறு. கெட்டுப்போன இடம் பூஜ்யம். கெடப்போகிற இடம் பூஜ்யம். அவன் கடையில் இருக்கிற சொந்த டிஸ்க் ஆறு மாசமாக மஞ்சளில் எச்சரிக்கை காட்டிக்கொண்டிருக்கிறது. சகலைக்கு வாய்த்த ஹார்ட் டிஸ்க்கூட அப்படி, எனக்கு வாய்த்தது இப்படி என்று வேலுமணி அங்கேயே உட்கார்ந்து பொருமினான். ஒரு ஹார்ட் டிஸ்கைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனிதனை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அப்போதுதான் பட்டியலில் இன்னும் கீழே இருந்த இரண்டு எண்கள் கண்ணில் பட்டன. ஒவ்வொரு ஹார்ட் டிஸ்கும் பிறந்த நாளிலிருந்து தன்னை எத்தனை தடவை போட்டார்கள், மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடினோம் என்று தனக்குள்ளேயே எண்ணிக்கொண்டு வரும். உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் அழித்தாலும் அந்த எண்ணிக்கை அழியாது. இந்த டிஸ்கைப் போட்டது ஆயிரத்து இருநூற்று நாற்பது தடவை. மொத்தம் ஓடியது முந்நூற்றுப் பத்து மணி நேரம்.

வேலுமணி பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே போட்டுப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டால் நாலு வருஷத்தில் ஏறக்குறைய அத்தனை நாள்தான். ஆக, நாளைக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம். காலையில் மாமியார் காப்பி கொண்டுவருகிற நேரம் மட்டும் ஸ்க்ரீன் எரிகிறது. அவள் படி இறங்கியதும் அணைந்துவிடுகிறது. எட்டு மணி நேரம் அமெரிக்காவுக்கு உழைக்கிற மெஷின் என்றால் இந்நேரம் ஏறக்குறைய பத்தாயிரம் மணி நேரம் ஓடியிருக்க வேண்டும்.

லேப்டாப்பைத் திருப்பிக் கேட்ட அன்றைக்கே கம்பெனி அவனையும் வேலையைவிட்டு அனுப்பிவிட்டது. இந்தப் பெட்டி வேலை செய்ய வாங்கியது இல்லை, மாமியாருக்குக் காட்ட வாங்கியது. புரிந்தபோது வேலுமணிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒன்பது வருஷமாக எரிந்த வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. சோதனை விவரத்தைச் சகலையின் பெயரிலேயே பென் டிரைவில் சேமித்துக்கொண்டான்.

"என்ன மாப்பிள்ள, பொழைக்குமா?" என்று படியிலிருந்து கேட்டாள் குப்பம்மாள்.

"நூத்துக்கு நூறு நல்லாருக்கு அத்தை."

"அதான பாத்தேன். சின்ன மாப்பிள்ள பொருளை வச்சுக்கிற பக்குவம் அப்படி!"

அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் ஒரே ஒரு கிழவிக்கு முன்னால் உடைத்து என்ன பிரயோசனம்? பன்னிரண்டு நாளில் பழனியில் காதுகுத்து. சொந்தபந்தம் அத்தனையும் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்வேதா பக்கத்தில் இருப்பாள். அவள் காதுபடச் சொல்ல வேண்டும், அவள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அதற்காக வேலுமணி வாயைக் கட்டினான். சுசித்ராவிடம்கூட மூச்சு விடவில்லை; அவள் தங்கச்சியிடம் உளறிவிடுவாள்.

மூன்று நாள் கழித்து, குப்பம்மாள் ரேஷன் கடைக்குப் போகிற நேரம் பார்த்து அந்த வீட்டு மாடிப்படி ஏறினான். கதவில் காதை வைத்தான். இத்தனை வருஷமாக முணுமுணுப்பாக இறங்கி வந்த இங்கிலீஷ் இப்போது தெளிவாகக் கேட்டது.

"யெஸ் மேடம், ஹாட் வாட்டர் இருக்கு மேடம். லேக் பக்கம்தான். கேம்ப்ஃபயர் தனி… ஸாரி மேடம், ப்ளீஸ், கேன்சல் பண்ணாதீங்க. ஓனர் என்னைத்தான் திட்டுவாரு. ப்ளீஸ் மேடம்."

யாருடைய காட்டேஜுக்கோ போனில் ரூம் பிடித்துக் கொடுக்கிற வேலை. அந்தக் குரலின் கெஞ்சலைக் கேட்டபோது வேலுமணிக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் 'வெளியாளு' ஞாபகம் வந்தது, மகள் போனில் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தப் பாவத்தைப் படி இறங்குவதற்குள் விரட்டிவிட்டான்.

காதுகுத்தன்று மலையிலிருந்து பழனிக்கு இறங்கிய பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் ஊரே வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, வேலுமணி மட்டும் உதடு அசையாமல் ஒத்திகை பார்த்தான். கோபமாகச் சொல்லக் கூடாது. சாதாரணமாக, ஒன்றும் தெரியாதவன்போலச் சொல்ல வேண்டும். 'ஏன் சிவா, ஒன் கம்ப்யூட்டர் நாலு வருஷத்துல முந்நூத்திப் பத்து மணி நேரந்தான் ஓடியிருக்கு, மீட்டிங்கெல்லாம் எதுல நடக்குது?' இவ்வளவுதான். மிச்சத்தைச் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கோகுலுக்கு மொட்டை போட்டு, காது குத்தி, அவன் அழுது ஓய்ந்தபிறகு அடிவாரத்து மண்டபத்தில் பந்தி நடந்தது. வேலுமணி ஸ்வேதாவைத் தன் பக்கத்து இலையில் உட்கார வைத்துக்கொண்டான். எதிர் வரிசையில் குப்பம்மாள் யாரோ ஒரு திண்டுக்கல் உறவுக்காரியிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஸ்வேதாவக்கூட சின்ன மாப்பிள்ளதான் ஆளாக்கிவிடப் போறாரு. அவ அப்பாவுக்கு அதெல்லாம் என்ன தெரியும், பாவம். ரிப்பேர்காரரு."

சிவமுருகன் ரச வாளியோடு அந்த வரிசைக்குத்தான் வந்துகொண்டிருந்தான். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வேலுமணி கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே போட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

ஸ்வேதா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அம்மாச்சி பேசுறதக் கண்டுக்காதீங்கப்பா" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிறமாதிரி. "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ப்ராஜெக்ட் பிரின்ட் எடுக்க ஒங்க பென் டிரைவ எடுத்தேன்ல. அதுல சித்தப்பா பேருல ஒரு ஃபைல் கெடந்துச்சு. அந்த மணிக்கணக்க நானும் வகுத்துப் பாத்தேம்ப்பா."

வேலுமணி திரும்பி அவளைப் பார்த்தான். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஒங்கள எல்லாரும் எம்புட்டுப் பேசுறாங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவங்க வாயெல்லாம் மூடியிருக்கும். பன்னண்டு நாளா நீங்க யாருகிட்டயும் சொல்லல. அம்மாகிட்டகூடச் சொல்லல. நானா இருந்தா அன்னைக்கே கத்தியிருப்பேன். நான்தாம்ப்பா ஒங்கள சரியாப் பாக்கல. நீங்க பெரிய மனுஷன்."

எத்தனை வருஷமாகக் கேட்கத் தவித்த வார்த்தை! அது வந்தேவிட்டது. ஆனால் வர வேண்டிய ஆளுக்கு வரவில்லை; தான் எதற்காக வாயைக் கட்டினோம் என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

அதற்குள் வாளி அவன் இலைக்கு முன்னால் வந்து நின்றது. சிவமுருகனின் முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே… கம்ப்யூட்டரப் பாத்தீங்களாமே. அத்தை இப்பத்தான் சொன்னாங்க."

எதிரே குப்பம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியம் வேலுமணியின் நாக்கு நுனியில்தான் இருந்தது. மகளின் கை இன்னும் மணிக்கட்டை விடவில்லை.

"பாத்தேன் சிவா. ஒண்ணுமில்ல, ஃபேன்ல வயர் தட்டுச்சு. டிஸ்க் நூத்துக்கு நூறு. நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கு."

சிவமுருகன் குனிந்து ரசம் ஊற்றினான். அது இலையிலிருந்து வழிந்து மேஜைவரை ஓடியது. "நான்தான் சொன்னேன்ல, சின்ன மாப்பிள்ள பக்குவம்!" என்றாள் குப்பம்மாள். ஸ்வேதா அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள், சாமியைப் பார்க்கிறமாதிரி.

அவள் பார்த்துக்கொண்டிருந்த அந்த வேலுமணியை, பன்னிரண்டு நாள் வாய் திறக்காத அந்தப் பெரிய மனுஷனை, நினைத்தாலே இந்த வேலுமணிக்கு எரிந்தது. சிவமுருகன் மேல்கூட அவனுக்கு இவ்வளவு பொறாமை வந்ததில்லை.